பொருத்தம் பார்த்த கம்ப்யூட்டர்

ஒரு காலத்தின் மனசு எப்படி இருந்தது என்று கேட்டால் அறிஞர்கள் புத்தகங்களைப் புரட்டுவார்கள். எனக்கு அந்தச் சிரமம் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் சூலூர் கடைவீதியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தினமும் நடந்து கடந்தவள் நான். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் கண் பரிசோதனை. அதற்கு அடுத்த மாடியில் கம்ப்யூட்டர் ஜாதகம். பஸ் ஸ்டாண்டில் கலர் விளக்கு சுற்றும் எடை மெஷினுக்கும் கம்ப்யூட்டர் என்றுதான் பெயர். ஒரு தையற்கடையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி என்று போர்டு தொங்கும். உள்ளே தையற்காரரின் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து கையால் பூப்போட்டுக்கொண்டிருப்பார். சலூன்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் கட்டிங் என்று எழுதி வைத்தார். உள்ளே இருந்தது அதே பழைய கத்திரி, அதே பழைய சீப்பு, அதே பழைய அவர். தலையைக் கொடுத்து உட்கார்ந்த ஒருவரும் கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டதில்லை.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றியதாகச் சொல்லமாட்டேன். ஊரே ஒன்றாகச் சேர்ந்து ஒன்றை நம்ப முடிவுசெய்துவிட்டது, அவ்வளவுதான். "இனிமே எல்லாமே கம்ப்யூட்டர்தானுங்க" என்று டீக்கடையில் ஒருவர் ஆரம்பிப்பார். மற்றவர்கள் டம்ளரோடு தலையை ஆட்டுவார்கள். கம்ப்யூட்டரை நேரில் பார்த்தவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இருக்கமாட்டார்.

என் அம்மாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாடத் தெரியுமா என்று கேட்டார்களாம். சித்தியைப் பார்க்க வந்தவர்கள் தையல் தெரியுமா என்று கேட்டார்களாம். அம்மாவுக்குப் பாட வராது, சித்திக்கு ஊசியில் நூல் கோர்க்கவே வராது. இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்துதான் இருக்கிறது. என் முறை வந்தபோது காலம் கம்ப்யூட்டரில் வந்து நின்றிருந்தது. கோயம்புத்தூரில் பி.காம். முடித்துவிட்டு நான் வீட்டில் இருந்த நேரம். கல்யாணத் தரகர் வந்தார், காப்பியைக் குடித்தார், என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"புள்ள கம்ப்யூட்டரு படிச்சிருக்குதுங்களா?"

அப்பா "படிச்சுட்டு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டார். அன்று மத்தியானமே என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்தும் விட்டார். சொன்ன வார்த்தையை அன்றைக்கே உண்மையாக்கிவிட்டதில் அவருக்கு ஒரு நிம்மதி.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். வீட்டை ஒட்டிய ஷெட்டில் எங்களுக்கு நான்கு விசைத்தறி. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அந்தச் சத்தத்தில் முப்பது வருடம் நின்றதில் அவர் பேச்சையே பாதிக்குமேல் விட்டுவிட்டார். சம்மதம் என்றால் தலை ஒரு பக்கமாகச் சாயும், இல்லை என்றால் தோளில் இருக்கும் துண்டை எடுத்து உதறுவார். எனக்குத் தெரிந்து அவர் என்னிடம் கேட்ட கேள்விகள் இரண்டுதான். சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா. மற்றதையெல்லாம் வீட்டில் அம்மாதான் பேசித் தீர்ப்பாள், அப்பாவுக்கும் சேர்த்து.

கம்ப்யூட்டர் சென்டர் உரக்கடை மாடியில் இருந்தது. மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஏசி, சுவரில் சரஸ்வதி படம். படி ஏறும் முன்பே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். காலில் இருக்கும் தூசி வழியாக வைரஸ் உள்ளே போய்விடும் என்று நடத்துபவர் சொல்வார். அவர் அதை நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் வாசலில் முப்பது ஜோடி செருப்பு கிடப்பதைப் பார்த்தாலே கீழே போகிறவர்களுக்கு உள்ளே ஏதோ பெரிய விஷயம் நடக்கிறது என்று தோன்றும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மானிட்டர்களுக்குச் சந்தனப் பொட்டு வைப்பார்கள். திரையின் நடுவில் வைத்தால் எழுத்து தெரியாது என்பதால் ஓரமாக வைக்கவேண்டும் என்ற ஞானம் இரண்டாவது வெள்ளிக்கிழமைதான் வந்தது.

எனக்கு அந்தப் பெட்டி பிடித்துப்போனது. ஏன் மறைக்கவேண்டும், ரொம்பவே பிடித்துப்போனது. நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்த முதல் ஆள் எங்கள் ஊரில் அதுதான். டாஸ் முடித்து, பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழிப் பாடம் தொடங்கியதும், திரையில் கேள்வி கேட்டு நாம் தட்டும் பதிலுக்குத் தகுந்தமாதிரி மறுமொழி சொல்லும் சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுதினேன். உன் பெயர் என்ன என்று கேட்கும். பெயரைத் தட்டினால் வணக்கம் சொல்லும். எங்கள் வீட்டுக்கு வரும் ஒறம்பரையில், அதாவது உறவுக்காரர்களில், பாதிப்பேர் அதுகூடச் சொல்லமாட்டார்கள்.

நான்காவது மாதம் ஒரே வாரத்தில் இரண்டு சங்கதி வந்தன. ஒன்று தபாலில். கோயம்புத்தூரில் ஒரு மில் ஆபீசில் கம்ப்யூட்டர் தெரிந்த கணக்கு உதவியாளர் வேலைக்கு நான் போட்டிருந்த விண்ணப்பத்துக்கு, ஒரு மாதத்துக்குள் வந்து சேரும்படி கடிதம். இன்னொன்று தரகர் மூலமாக. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, கொப்பரைக் களம் எல்லாம் உள்ள குடும்பம், ஒரே மகன்.

கடிதத்தை அம்மா கையில் வாங்கக்கூட இல்லை.

"வயசுப் புள்ளைய தினமும் பஸ்ஸுல ஏத்தி அனுப்பிப்போட்டு நான் ஊட்டுல உக்காந்திருக்கோணுமா? ஒறம்பரையெல்லாம் என்ன பேசுவாங்க? கலியாணம் ஆகி, அவிய அனுப்புனா போய்க்க."

அவிய, அதாவது மாப்பிள்ளை வீட்டார், அனுப்பமாட்டார்கள் என்பது தரகர் வாயிலேயே வந்துவிட்டது. "வேலைக்கெல்லாம் அனுப்பற பழக்கம் அவியளுக்கு இல்லீங்க. கம்ப்யூட்டரு படிச்ச புள்ளையா இருந்தாப் போதும்ங்கறாங்க. ஒரு கௌரவந்தானுங்களே." நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையும் சாயவில்லை, துண்டும் உதறவில்லை. எழுந்து ஷெட்டுக்குள் போய்விட்டார். எனக்கு அந்த வேலை வேண்டும் என்று எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நான் கடிதத்தை மடித்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். தினமும் அதை ஒருமுறை எடுத்து, கெடு நாள் மாறியிருக்கிறதா என்பதுபோலப் படித்துப் பார்ப்பேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு விசித்திரமான நிபந்தனை வைத்தார்கள். எங்கேயோ ஒரு பெண் கம்ப்யூட்டர் படித்ததாகச் சொல்லி, கட்டிக்கொடுத்த பிறகு டைப்ரைட்டிங் லோயர் மட்டும்தான் என்று தெரியவந்த கதையை அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். அதனால் பெண் கம்ப்யூட்டர் ஓட்டுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும். கம்ப்யூட்டர் வீட்டுக்கு வராது என்பதால், பெண் பார்க்கும் சடங்கு கம்ப்யூட்டர் சென்டரில் நடப்பதாக ஞாயிற்றுக்கிழமை நல்லநேரம் பார்த்து முடிவாயிற்று. சென்டர்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. வாசலில் இரண்டு வாழைமரம் கட்டிவிட்டார். அவிழ்க்கச் சொல்லி அப்பாதான் கெஞ்சவேண்டியிருந்தது.

பதினொரு பேர் வேனில் வந்து இறங்கினார்கள். பதினொரு பேரும் செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே வந்ததும் எல்லோர் கையும் தானாகக் கட்டிக்கொண்டது. மாப்பிள்ளையின் அம்மா ஏசிக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் முந்தானையை எடுத்துக் காதோடு போர்த்திக்கொண்டார். இனிப்பும் மிக்சரும் உள்ளே சாப்பிட்டால் எறும்பு வந்து கம்ப்யூட்டருக்குள் குடியேறிவிடும் என்று சென்டர்காரர் சொல்லிவிட்டதால், இரண்டிரண்டு பேராகப் படிக்கட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். நான் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் அசைந்தாலும் அது திரும்பி என்னை வேறு யாருக்காவது காட்டியது.

அவர்களில் பெரியவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். வெள்ளை வேட்டி, கனத்த மீசை, பேச்சில் மட்டும் அத்தனை மரியாதை.

"ஏனுங்க அம்மணி, கம்ப்யூட்டருக்குத் தெரியாதது எதுவுமே இல்லைங்கறாங்களே, மெய்யுங்களா?"

சென்டர்காரர் முந்திக்கொண்டு, "எல்லாமே தெரியுமுங்க" என்றார்.

"அப்போ எங்க பையனுக்கும் இந்த அம்மணிக்கும் பொருந்துமான்னு கேட்டுப் பார்த்துப்போட்டா ஆச்சுங்களே?"

அறையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. கடைவீதியில் கம்ப்யூட்டர் ஜாதகம் போர்டைப் பார்த்துவிட்டுத்தானே மேலே ஏறி வந்திருக்கிறார்கள். சென்டர்காரர் என்னைப் பார்த்தார். எங்கள் பெட்டிக்கு ஜாதகமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது என்பது அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நொடியில் துணிக்கடியில் இருந்த கடிதம் ஞாபகம் வந்தது. நாற்காலியை மேசைப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

புரோகிராம் மொத்தம் ஏழு வரிதான். பையன் பெயர் என்ன, பெண் பெயர் என்ன, நட்சத்திரம் என்ன என்று கேட்கும். எதைத் தட்டினாலும் கடைசியில் பொருந்தாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போடும். நடுவில் ஒரு காரியம் செய்தேன். ஒன்றிலிருந்து பல்லாயிரம்வரை சும்மா எண்ணிக்கொண்டிரு என்று ஒரு வரி சேர்த்தேன். அது எண்ணி முடிக்கும்வரை திரை காலியாக இருக்கும். பார்ப்பவர்களுக்கு அது ஆழ்ந்து யோசிப்பதுபோலத் தெரியும். என் வாழ்நாளில் நான் எழுதிய வரிகளிலேயே சாமர்த்தியமானது அதுதான்.

பெயர்களைத் தட்டினேன். நட்சத்திரங்களைத் தட்டினேன். கம்ப்யூட்டர் யோசித்தது. பதினொரு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். பிறகு அந்த வரி வந்தது. வந்தவர்களில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் மாப்பிள்ளை மட்டும்தான். எட்டிப் பார்த்துவிட்டு, "பொருந்தாதுன்னு போட்டிருக்குதுங்க மாமா" என்றார். குரலில் வருத்தம் ஒரு துளிகூட இல்லை. நானே வேண்டாம் என்று ஏற்பாடு செய்துவிட்டு இப்படிச் சொல்லக்கூடாதுதான், ஆனால் எனக்குக் கோபம் வந்தது.

தாய்மாமன் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. எங்கள் பக்கம் கோயிலில் பூக் கேட்பது என்று ஒரு வழக்கம் உண்டு. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் காரியத்தில் இறங்கலாம். பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது, வீட்டுக்கு நிலைவாசல் வைப்பது எல்லாம் இப்படிக் கேட்டுத்தான். மனசுக்குப் பிடிக்காத பூ வந்துவிட்டால் மறுபடியும் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு; சாமி கோபித்துக்கொள்ளாது.

"மூணு வாட்டி கேக்கோணுமுங்க அம்மணி. ஒருக்கா கேட்டுப்போட்டு முடிவு பண்ணப்படாதுங்க."

மூன்று வாட்டி கேட்டேன். சாமியாக இருந்தால் மூன்றில் ஒன்று மாறியாவது வந்திருக்கும். கம்ப்யூட்டருக்கு அந்த இரக்கம் இல்லை. மூன்று முறையும் அதே நேரம் யோசித்து அதே பதிலைச் சொன்னது. அந்தப் பிடிவாதத்தில் அவர்கள் ஆடிப்போய்விட்டார்கள். தாய்மாமன் மானிட்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "உள்ளதைச் சொல்லிப்போட்டுதுங்க. கட்டிவெச்சுப்போட்டுப் பொறகால வருத்தப்படறதுக்கு இது தேவலைங்க" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஒரு சண்டை இல்லை, ஒரு முகக்கோணல் இல்லை. பாக்கி மிக்சரையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வேன் ஏறினார்கள்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவளோ பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மூணு வாட்டியும் ஒத்துக்கவே இல்லீங்க. பத்துப் பொருத்தமும் நெம்ப நல்லாயிருக்குதுன்னு சோசியர் சொன்னாரு. இது மூஞ்சில அடிச்சாப்புல சொல்லிப்போட்டுது."

ஆனால் வேலை விஷயத்தில் அவள் அணுவும் அசையவில்லை. பொள்ளாச்சி இல்லையென்றால் தாராபுரம், தாராபுரம் இல்லையென்றால் பல்லடம். தரகர் மறுபடி காப்பி குடிக்க வந்துவிட்டார். கெடு முடிய இரண்டு வாரம் இருந்தது.

இதற்கிடையில் அம்மா செய்த விளம்பரத்தால் வேறொரு வினை முளைத்தது. அடுத்த ஞாயிறு நான் சென்டருக்குப் போனபோது வாசலில் தெரியாத செருப்புகள். உள்ளே நான்கைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்குப் போர்வெல் எந்த மூலையில் போடுவது என்று தெரியவேண்டும். ஒரு அம்மாளுக்கு கயிற்றை அறுத்துக்கொண்டு போன எருமை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியவேண்டும். சென்டர்காரர் காதோரம் வந்து, "ஏதாச்சும் ஒண்ணு சொல்லி அனுப்புங்க அம்மணி, நாலு அட்மிஷன் வரும்" என்றார். எருமைக்கு வடக்கு என்று சொன்னேன். அது உண்மையிலேயே வடக்கே ஒரு சோளக்காட்டில் நின்றிருந்ததாம். என் கெட்ட நேரம்.

அதற்குப் பிறகு பயம் பிடித்துக்கொண்டது. போர்வெல்காரரிடம், கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "கம்ப்யூட்டருக்கே தெரியலீங்களா? அப்போ தண்ணியே இல்லீங்களாக்கும்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த அரை மணி நேரம் ஆயிற்று. விளையாட்டாக ஏழு வரி எழுதியவளுக்கு, இத்தனை பேர் இத்தனை பலமாக அதன்மேல் சாய்ந்து நிற்பதைப் பார்க்கும் தைரியம் இல்லை. இனி யார் கேட்டாலும் பதில் சொல்வதில்லை என்று சென்டர்காரரிடம் சண்டைபோட்டு, ரிப்பேர் என்று ஒரு அட்டை எழுதிக் கதவில் ஒட்டவைத்தேன்.

அட்டை ஒட்டிய அடுத்த ஞாயிறு, மில் ஆபீசில் சேரவேண்டிய கடைசி நாளுக்கு முந்தைய நாள். காலையில் சென்டரில் நானும் நடத்துபவரும் மட்டும்தான். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வீட்டில் இருந்தால் அழுதுவிடுவேன் என்று வந்திருந்தேன். படியில் காலடிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார்.

அந்த நேரத்தில் அவர் தறியை விட்டு வந்து நான் பார்த்ததில்லை. சட்டையில் பஞ்சு அப்பியிருந்தது. செருப்பைக் கழற்றியிருந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மேசைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்.

"ரிப்பேருன்னு போட்டிருக்குதே கண்ணு."

"இல்லீங்கப்பா, ஓடுதுங்க."

"அப்போ ஒண்ணு கேட்டுச் சொல்லு." அவர் என்னைப் பார்க்கவில்லை. மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ர புள்ளைய அந்த மில்லு ஆபீசு வேலைக்கு அனுப்பலாமா வேண்டாமான்னு கேளு."

என் கை விசைகளின்மேல் இருந்தது. பொள்ளாச்சியிலிருந்து வந்த பதினொரு பேரைக் கூசாமல் ஏமாற்றிய கை. இப்போதும் ஏழு வரி போதும். இல்லை, நான்கே வரி போதும். எனக்கு வேண்டியது வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது. ஆனால் அந்தப் பஞ்சு ஒட்டிய சட்டையைப் பார்த்துக்கொண்டு என்னால் தட்டமுடியவில்லை.

"அப்பா, இதுக்கு ஒண்ணுமே தெரியாதுங்கப்பா. அன்னிக்கு அவியகிட்டச் சொன்னது நாந்தான். நான் என்ன தட்டறனோ அதைத்தான் இது காட்டும்."

பின்னால் சென்டர்காரர் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார். துண்டை உதறப்போகிறார் என்று காத்திருந்தேன். அப்பா அதை நிதானமாக நாலாக மடித்தார்.

"தெரியும் சாமி. முப்பது வருசமா மிசினுகூட நிக்கறேன். எந்த மிசினு தானா யோசிச்சுது?"

"தெரிஞ்சும் எதுக்குங்கப்பா இதுகிட்டக் கேக்கறீங்க?"

"இதுகிட்டக் கேட்டா நீதானே பதில் சொல்லுவே."

எனக்கு இருபத்தொரு வயது. உனக்கு என்ன வேண்டும் என்று அதுவரை எங்கள் வீட்டில் யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்றில்லை, எப்படிக் கேட்பது என்று தெரியாது. அந்தக் கேள்வியோடு தறியை நிறுத்திவிட்டு, மாடி ஏறி, வெறுங்காலோடு வந்து நிற்க அவருக்கு ஒரு மாதம் பிடித்திருக்கிறது. திரை கண்ணீரில் கலங்கியது. புரோகிராம் எதுவும் எழுதவில்லை, யோசிக்கும் வரி எதுவும் சேர்க்கவில்லை. நேராகத் தட்டினேன்.

"என்ன போட்டிருக்குது?" என்றார் அப்பா.

"போகோணும்னு போட்டிருக்குதுங்கப்பா."

அவர் தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. திரையில் இருந்த அந்த ஒரு வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுப்பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு எத்தன மணி பஸ்ஸுன்னு பார்த்து வெய்யி. உங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன். நானோ நீயோ சொன்னா அவ கேக்கமாட்டா, கம்ப்யூட்டரே சொல்லிப்போட்டுதுன்னா ஒண்ணும் பேசமாட்டா."